பேரிங்குக்கு வைத்த பொட்டு

எட்டு வயதில் நான் ஒரு சோதனைக் கருவியாக இருந்தேன். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டில் தங்கி ஒரு சக்கரம் செய்துகொண்டிருந்தார். சக்கரம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். சக்கரத்தை யாரோ எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள், தான் செய்வது அதன் நடுவில் இருக்கும் ஹப் என்பார். அந்த ஹப்பை ஒரு சின்னப் பிள்ளை தனியாகத் திறந்து, கிரீஸ் வைத்து, மூட முடிய வேண்டும். முடிந்தால் டிசைன் சரி, முடியாவிட்டால் தப்பு. வீட்டில் இருந்த ஒரே சின்னப் பிள்ளை நான்.

சுருளிப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் குனிந்துதான் நடக்க முடியும் என்பதால் பழப்பெட்டி, உரமூட்டை, மருந்து டிரம் எல்லாவற்றையும் தாழ்வான நாலு சக்கர டிராலியில் வைத்துத்தான் தள்ளுவார்கள். எல்லாத் தோட்டத்திலும் ஒரு டிராலி உண்டு, எல்லா டிராலியும் கத்தும். கத்துகிற தினுசை வைத்தே இன்று யார் தோட்டத்தில் வேலை என்று அம்மா வீட்டிலிருந்தபடி சொல்லிவிடுவாள். டிரம்மிலிருந்து மருந்துத் தண்ணீர் சிந்திச் சிந்திச் சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் துருப்பிடித்துப்போகும். அதற்குக் கிரீஸ் வைக்க வேண்டுமென்றால் டிராலியைக் கவிழ்த்து, நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவி, பேரிங்கைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸை அப்பி, மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். அரை நாள் வேலை. அப்பா உட்பட ஊரில் ஒருவரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. சத்தம் பொறுக்க முடியாமல் போனால் ஓங்கி ஓர் உதை விடுவார்கள். எங்கள் பக்கத்தில் பராமரிப்பு என்பது அதுதான்.

மாமா டிப்ளமோ படித்தவர். உத்தமபாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இந்த அநியாயத்துக்கு முடிவு கட்டக் கிளம்பியிருந்தார். முதல் மாடலில் ஹப்பின் மேல் ஓர் ஓட்டை போட்டார். அதில் எண்ணெயைவிட மண்தான் சுலபமாக இறங்கியது. இரண்டாவது மாடலில் திருகினால் கிரீஸை உள்ளே தள்ளும் ஒரு கிண்ணம் வைத்தார். அது நன்றாகவே தள்ளியது. தள்ளிய வேகத்தில் கிரீஸ் மறுபக்கம் வெளியே வந்து, கல்யாண வீட்டுக்குக் கிளம்பி நின்ற அம்மாவின் பட்டுச்சேலையில் போய் விழுந்தது. அம்மா மூன்று நாள் தம்பியோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள், அதையும் தட்டைத் தரையில் டொங்கென்று வைத்துப் போட்டாள்.

மூன்றாவது மாடல்தான் உருப்பட்டது. சக்கரத்தின் வெளிமுகத்தில் தைல டப்பா மூடி போல ஒரு மூடி. கட்டைவிரலால் அழுத்தி கால் சுற்றுத் திருகினால் டக்கென்று கையோடு வந்துவிடும். உள்ளே வட்டமாக எட்டு இரும்புக் குண்டுகள் பளபளவென்று தெரியும். விரலால் கிரீஸைத் தடவி, மூடியை வைத்து, எதிர்ப்பக்கம் கால் சுற்று. நட்டும் கிடையாது, சுத்தியலும் கிடையாது. நான் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து திறந்து மூட, மாமா வாய்விட்டு எண்ணுவார். பத்து எண்ணுவதற்குள் முடித்துவிடுவேன். ஒவ்வொரு சோதனைக்கும் கூலியாக டிராலியில் உட்காரவைத்து முற்றத்தைச் சுற்றி ஒரு சவாரி. பார்க்கிறவர்களிடமெல்லாம் மாமா, "எங்க அக்கா மக தொறந்து மூடிருவா, தெரியும்ல?" என்பார். ஹப்பைப் பற்றிய பெருமையா, என்னைப் பற்றிய பெருமையா என்று நான் ஆராயவில்லை. என்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அப்பா, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் மாமாவுக்கு வேலை பேசி வைத்திருந்தார். மாமாவுக்குப் போக மனசில்லை. கம்பத்தில் விவசாயச் சாமான் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் ஹப்பைப் பற்றிச் சொல்லியிருந்தார். பாய் பார்த்துப் பிடித்து ஆர்டர் கொடுத்தால், இங்கேயே சொந்தமாக ஒரு லேத் போட்டுவிடலாம் என்று கணக்கு.

"பாய்க்கிட்ட ஒரு தடவ உருட்டிக் காட்டிட்டாப் போதும் மச்சான்" என்றார் மாமா.

"உருண்டா இரு மாப்ள, நானா வேணாங்கிறேன்? உருளலேன்னா, தீவாளி முடிஞ்ச மறுநா கோயம்புத்தூர் பஸ்ல ஏறிரு" என்றார் அப்பா.

இதைக் கேட்டுவிட்டு நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். மாமா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டில் என்னைப் பெரிய மனுஷியாக நடத்திய ஒரே ஆள் அவர்தான். கோயம்புத்தூர் என்ற ஊரே எனக்கு அன்றிலிருந்து பிடிக்காமல் போனது.

பாய் ஆயுத பூஜை அன்று மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டார். அவர் கடையில் வேலை பார்ப்பவர்கள் பூஜை போட்டுவிட்டு லீவில் போய்விடுவார்கள், அன்றைக்குத்தான் அவருக்கும் ஓய்வு. அன்று காலையில் அம்மா ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சந்தனமும் இன்னொன்றில் குங்குமமும் குழைத்து என் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வையி புள்ள. விட்டுப்போச்சுன்னா அது கோவிச்சுக்கிரும். அப்பறம் வருசம் பூராம் ஓடாது."

நான் இந்த எச்சரிக்கையை மனசில் வாங்கிக்கொண்டேன். மோட்டாருக்கு வைத்தேன், மருந்தடிக்கும் மிஷினுக்கு வைத்தேன், அரிவாள்மணைக்கு, திராட்சை வெட்டும் கத்தரிக்கு, தையல் மிஷினுக்கு, மிக்ஸிக்கு வைத்தேன். டிவி ரிமோட்டுக்கு ஒவ்வொரு பட்டனிலும் வைத்தேன். அப்பாவின் செல்போனில் கேமரா கண்மேல் வைத்தேன், நெற்றி அதுதான் என்று தோன்றியது. கடைசியில் டிராலிக்கு வந்தேன்.

நாலு சக்கரத்தின் மூடியிலும் பொட்டு வைத்துவிட்டு எழுந்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாமா எப்போதும் சொல்வார், சக்கரத்தின் உயிரே அந்தக் குண்டுகளில்தான் இருக்கிறது என்று. மூடிக்கு மட்டும் வைத்துவிட்டுப் போவது, வீட்டுக் கதவுக்குச் சந்தனம் பூசிவிட்டு உள்ளே இருப்பவர்களைக் கண்டுகொள்ளாமல் திரும்புவது மாதிரி. குண்டுகள் கோபித்துக்கொண்டால்? அதுவும் பாய் வருகிற அன்றைக்கு? மாமா கோயம்புத்தூர் போய்விடுவாரே.

திறந்தேன். கால் சுற்று, டக். சந்தனத்தை எடுத்து முதல் குண்டில் வைத்தேன், நிற்கவில்லை. கிரீஸில் வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் வழிகிற முகத்தில் பொட்டு எப்படி நிற்கும்? முகம் கழுவ வேண்டும். மாமாவின் மண்ணெண்ணெய் டப்பாவும் பழைய துணியும் பக்கத்திலேயே இருந்தன. எட்டுக் குண்டுகளையும் ஒரு பொட்டு கிரீஸ் இல்லாமல் துடைத்தேன். கொஞ்சம் விபூதியைத் தூவி ஈரம் போக்கினேன். பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். நாலு சக்கரம், முப்பத்திரண்டு குண்டுகள். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் நான் அசையவில்லை. கடைசிச் சக்கரத்துக்கு வந்தபோது கிண்ணத்தில் நிறையச் சந்தனம் மிச்சமிருந்தது. குண்டுகளுக்கு நடுவில் இருந்த சந்துகள் பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதையெல்லாம் அங்கே நிரப்பிவிட்டேன். மாமா இங்கேயே இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு மூடியைத் திருகினேன். அந்த மூடி உண்மையிலேயே அருமையான மூடி.

மத்தியானம் பாய் ஸ்கூட்டரில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிதானமான மனிதர். "பாய் வந்துட்டாக, பாய் வந்துட்டாக" என்று அம்மா ஓடிப்போய்ப் பொரியும் கடலையும் சுண்டலும் தட்டில் எடுத்துவந்தாள். மாமா சலவைச் சட்டை போட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தலை சீவியிருந்தார். டிராலியில் இரண்டு உரமூட்டையை ஏற்றினார்கள். அப்பா நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, தானே தள்ளுவதாக முன்வந்தார். ஹப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், விருந்தாளி முன்னால் வீட்டு ஆளை அப்பா விட்டுக்கொடுக்க மாட்டார்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. டிராலி இரண்டடி நகர்ந்தது. பிறகு முனகியது. மாமாவின் முகம் மாறியது. அவருடைய ஹப் முனகி அவர் கேட்டதேயில்லை. அப்பாவுக்கு எங்கேயும் ஒரே வைத்தியம்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தையும் போட்டுத் தள்ளினார். மூன்று சக்கரம் உருண்டது, என் கடைசிச் சக்கரம் நட்டுவைத்தது போல நின்றுவிட்டது. நின்ற சக்கரத்தை மையமாக வைத்து டிராலி சரேலென்று சுழன்றது. மூட்டை ஒன்று சரிந்து தரையில் விழுந்தது. பிடி நழுவிய அப்பா இரண்டெட்டுத் தடுமாறி, பூஜைக்கு வைத்திருந்த பொரித் தாம்பாளத்தில் போய் உட்கார்ந்தார். பொரி நாலாபக்கமும் பறந்தது. பாயின் தாடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அவர் அதை மெதுவாக எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்தார். முதுகெல்லாம் பொரி. அப்பா அடிப்பது ஒரே அடிதான், ஆனால் அது இரண்டு நாள் இருக்கும்.

"எவன்டா அதுல கைய வச்சது?" என்று கத்தினார்.

மாமா அதற்குள் நின்றுபோன சக்கரத்தின் முன்னால் குந்தி மூடியைத் திறந்திருந்தார். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் முழங்கை வரை காய்ந்த சந்தனத்தோடு நின்றுகொண்டிருந்தேன். பாய் கையை முட்டியில் ஊன்றிக் குனிந்தார்.

"என்ன தம்பி, மஞ்சளா கட்டி கட்டியா இருக்கு? சந்தன வாசம் வேற அடிக்குது."

மாமா மூடியைப் போட்டுத் திருகினார்.

"சந்தனம் இல்ல பாய். கிரீஸ்தான். உள்ள தண்ணி எறங்கிருச்சு. தண்ணி பட்டா கிரீஸ் இப்பிடித்தான் வெளுத்துக் கட்டியாயிரும். வாசம் பூச வீட்ல எங்கிட்டும் அடிக்கத்தான செய்யும். கைய யாரும் வைக்கல மச்சான். மூடி சரியில்ல. என் டிசைன்லதான் கோளாறு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காலையிலிருந்து இடுப்பொடிய உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்திருக்கிறேன், அதைக் கெட்டுப்போன கிரீஸ் என்கிறாரே! இவ்வளவு படித்தவருக்குச் சந்தனம் தெரியவில்லையா? "மாமா, அது நான்..." என்று வாயைத் திறந்தேன். மாமா தரையில் கிடந்த பொரியை ஒரு கை அள்ளி என் வாயில் திணித்தார். கடலையும் சேர்ந்து வந்ததால் மென்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பாய் மாமாவைப் பார்த்தார், அப்புறம் என்னையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணி எறங்குற மூடிய தோட்டக்காரகளுக்கு நா எப்பிடித் தம்பி விக்கிறது? நாளப்பின்ன எங்கடையில வந்து நிப்பாகள்ல" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பும் முன் என் தலையில் ஒரு தரம் கையை வைத்துவிட்டுப் போனார். அப்பா முதுகிலிருந்த பொரியைத் தட்டிவிட்டபடி, "பெட்டிய எடுத்து வையி மாப்ள" என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு மாமாவை ஏற்றிவிடப் போனோம். அதுவரை நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. சவாரிக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. அம்மா ஒரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அப்பா கண்டக்டரிடம் சீட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். மனசுக்குள் வைத்துக் குமைந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"ஏன் மாமா, ஒங்களுக்குச் சந்தன வாசம்கூடத் தெரியாதா?"

மாமா அப்பா இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அன்னைக்கு எனக்குச் சளி ஆத்தா. மூக்கு அடைச்சுக்கிருச்சு. ஒண்ணுமே தெரியல."

அவ்வளவுதானா விஷயம்! எனக்கு மனசு ஆறிப்போனது. சளிக்கு மனுஷன் என்ன செய்வார், பாவம். மாமாவை அந்த இடத்திலேயே மன்னித்தேன். பஸ் நகர்ந்தபோது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். "மாமா, கோயம்புத்தூர்ல ரொம்பக் குளிருமாம், மூக்கப் பாத்துக்கங்க!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். சளி இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கவலையோடு சொன்னேன்.