மாமாவின் ஓவர்

என் அக்கா வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் முழிப்பார்கள். "தண்ணி வேணும், ஓவர்" என்பார் மாமா. "குடையை எங்கே வச்சே, ஓவர்" என்பார். குளியலறைக்குள்ளிருந்து "துண்டு, ஓவர்" என்று ஒரு குரல் வரும். பயப்பட ஒன்றுமில்லை. என் அக்கா புருஷன் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணி பிடித்து ஏறி, உச்சியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பார். சாப்பாட்டுப் பையும் அவரோடு மேலே போய்விடும். கம்பிக் கட்டு எங்கே இறங்குகிறது, கீழே ஆள் நிற்கிறானா என்பதெல்லாம் அங்கிருந்து பாதிதான் தெரியும். தரையில் நிற்கும் சிக்னல்காரர் வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்ல இவர் தூக்குவார், திருப்புவார், இறக்குவார். "மெதுவா, ஓவர்." "நிறுத்து, ஓவர்." இப்படியே பேசிப் பேசி அந்தச் சொல் அவர் நாக்கில் குடித்தனம் வந்துவிட்டது.

நான் துணி தைக்கிறவள். என் வீட்டில் வெளிச்சம் போதாது என்பதால் என் ஓவர்லாக் மெஷினை அக்கா வீட்டு முன்னறை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். வெட்டிய துணியின் ஓரம் பிரிந்து போகாமல் நூலைச் சுற்றி அடைக்கிற மெஷின் அது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சீருடை குவியும், எனக்கு ஓவர் டைம். பக்கத்து வீட்டுக்காரர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து "கடைசி ஓவர், கடைசி ஓவர்" என்று கத்துவார். அவருக்கு அது ஆறு பந்து. என் அக்காவுக்கோ அது வசவு. "உங்க அலட்டல் ரொம்ப ஓவர்" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. ஆக, அந்த வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஓவருக்குப் பஞ்சம் வந்ததில்லை.

மாமாவைச் சீண்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள், "என்ன மாமா, ஓவர்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். தண்ணி கேக்கும்போதே முடிச்சுட்டா அக்கா எப்படிக் கொண்டு வருவா?" என்றேன்.

மனிதர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வாயாடி, இதை நல்லாக் கேட்டுக்கோ. முடிஞ்சு போச்சுன்னா அதுக்கு அவுட்னு சொல்லணும். ஓவர்னா, நான் பேசிட்டேன், இனிமே நீ பேசுன்னு அர்த்தம். பட்டனை அழுத்தினாத்தான் நம்ம குரல் போகும். அழுத்திக்கிட்டே இருந்தா அந்தப் பக்கம் உயிர் போற மாதிரி கத்தினாலும் நமக்குக் கேக்காது. அதனாலதான் ஓவர் சொல்லிட்டு விரலை எடுக்கறது."

"அப்போ சினிமாவில ஓவர் அண்ட் அவுட்னு சொல்றாங்களே?"

"மடப்பசங்க! நீ பேசு, ஆனா நான் கேக்க மாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு." டிவியில் அந்த வசனம் வந்தால் போதும், மாமா எழுந்து போய்விடுவார். உண்மையான கோபம்.

அவர்களுக்கு ஒரே மகள். கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா கழுத்தில் தொங்கினால் இறங்கவே மாட்டாள் என்பதால் அவர் வைத்த பெயர் கொக்கி. அவளுக்குப் பேச்சு நன்றாக வந்த வயதில், கம்பெனி கழித்துப் போட்ட இரண்டு வயர்லெஸ் செட்டை மாமா கேட்டு வாங்கி வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மனிதர்கள் நேருக்கு நேர் பேசுவது நின்றுபோனது. இவர் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பார், அவள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அப்பா, கேக்குதா? ஓவர்" என்பாள். "கேக்குதுடா கொக்கி, சொல்லு, ஓவர்" என்பார் இவர், சோப்புக் கையோடு. படுக்கப் போகும்போது அவுட் சொல்லி முடிக்க வேண்டும் என்பது மாமாவின் சட்டம். அவள் சொல்லவே மாட்டாள். அவுட் சொன்னால் அப்பா போய்விடுவார் என்று எப்படியோ அவளுக்குத் தோன்றிவிட்டது. "ஓவர்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவாள். காலையில் பல் தேய்க்கும் முன்பே மாமா முந்தின நாள் பேச்சுக்குப் பதில் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கொக்கி வளர்ந்தாள். படித்தாள். வேறு ஊரில் ஒரு பால் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில், வருகிற பாலைச் சோதிக்கிற வேலை. கலப்படப் பாலை முகர்ந்தே கண்டுபிடிப்பாள் என்று மாமா பெருமையடிப்பார். அதற்கெல்லாம் கருவி இருக்கிறது என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார். மகள் விஷயத்தில் எதையும் காதில் வாங்காத பழக்கம் அப்போதே இருந்தது. நாங்கள்தான் அதைச் செல்லம் என்று நினைத்துச் சிரித்தோம்.

பிறகு அந்த வரன் வந்தது. மாமாவோடு வேலை செய்யும் மேஸ்திரியின் தங்கை மகன். நல்ல இடம், நல்ல சம்பளம். கொக்கியும் அவனும் ஒருமுறை சந்தித்துப் பேசினார்கள். வந்ததும் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். பத்து நாள் கழித்து அவள் போனில், எனக்கு இது வேண்டாம் என்றாள்.

அன்று வார விடுமுறை. நான் மெஷினில் இருந்தேன். கூண்டின் இரைச்சலில் மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் எல்லாம் எங்கள் காதில் விழுந்தது. விழுந்தது என்ன, மாமாவின் குரல் மட்டும்தான் விழுந்தது. மேஸ்திரி முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். உன்னைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தான் என்றார். அவள் "அப்பா, நான்..." என்று ஆரம்பிப்பாள், இவர் அதன் மேலேயே ஏறிப் போவார். "இல்லப்பா, அவர் என்னன்னா..." என்பாள், அதுவும் நசுங்கும். அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். நிற்கவில்லை. கடைசியில் அவர் மூச்சு வாங்க நிறுத்திய ஒரு இடைவெளியில் கொக்கியின் குரல் மட்டும் தனியாக வந்தது. அழுது முடித்த குரல்.

"போதும்ப்பா. எல்லாம் ஓவர்."

போன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அப்பா கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. அக்கா கூப்பிட்டாலும் ரெண்டு வார்த்தை, "நல்லா இருக்கேன்மா" என்பதோடு சரி. அப்பா பேச்சை எடுத்தால் வைத்துவிடுவாள்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாளே. பெத்த பொண்ணை ஒரே நாளில வெட்டி விட்டுட்டீங்களே."

மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ அவுட்னு சொல்லலையே" என்றார். "ஓவர்னுதானே சொன்னா. அப்போ இது என் முறை."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அவர் விளையாடவில்லை. மறுநாளிலிருந்து, வேலை முடிந்து கூண்டிலிருந்து இறங்கும் முன் மகளுக்குக் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினார். கேட்டுவிட்டாள் என்பதற்கான அடையாளம் அவர் போனில் விழும். பதில் வராது. இவர் அடுத்ததை அனுப்புவார். என்னதான் பேசுகிறார் என்று ஒருநாள் வாங்கிக் கேட்டேன். அப்பாவின் மானம், மேஸ்திரியின் மனம், இந்தக் காலத்துப் பெண்களின் திமிர். எல்லாவற்றின் வாலிலும் ஒரு ஓவர்.

என் வாய் சும்மா இருக்குமா? "மாமா, உங்களை நம்பி எவன் கிரேனைக் கொடுத்தான்?" என்றேன். "ஓவர் ஓவர்னு சொல்றீங்களே ஒழிய, விரலை எடுக்கவே இல்லையே. அன்னிக்கு அவ நாலு தடவை பேச வந்தா. நான் இங்கே உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தேன். நீங்க பட்டனை அழுத்தின படியே இருந்தீங்க. இப்பவும் அதேதான்."

அக்கா உள்ளேயிருந்து, "நீ கொஞ்சம் ஓவராப் பேசறே" என்றாள். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, நான் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், நாற்காலியில் உட்கார்ந்து போனை வாயருகே வைத்துக்கொண்டார்.

"கொக்கி. நீ ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு நான் கேக்கவே இல்லை. இப்போ கேக்கறேன். எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லு. நான் விரலை எடுத்துட்டேன். ஓவர்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எதுவும் அனுப்பவில்லை. கேட்ட அடையாளம் விழுந்தது. பதில் இல்லை. "இன்னொரு தடவை பேசிப் பாருங்களேன்" என்று அக்கா கெஞ்சினாள். "கூடாது. இப்போ அவ முறை. நான் அழுத்தினா, அவ பேச வந்தாலும் வராது" என்றார்.

அந்த நாட்களில் மாமாவின் பேச்சிலிருந்து ஓவர் போய்விட்டது. "தண்ணி" என்பார், அவ்வளவுதான். குளியலறையிலிருந்து "துண்டு" என்று மட்டும் வரும். அக்கா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போலக் கதவுக்கு வெளியே நிற்பாள். அந்தச் சொல்லுக்காக அவரை அத்தனை வருஷம் திட்டியவள் அவள்தான்.

ஒருநாள் நான் மெதுவாகக் கேட்டேன். "மாமா, அவ எந்த அர்த்தத்தில சொன்னான்னு உங்களுக்கு நிஜமாத் தெரியலையா?"

அவர் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "தெரியாம என்ன? எல்லாரும் எந்த அர்த்தத்தில சொல்வாங்களோ அதே அர்த்தத்திலதான் சொன்னா. ஆனா அந்த வார்த்தையை அவளுக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கு வேற அர்த்தம் வேண்டாம் வாயாடி. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தினமும் ஏணி ஏறிட்டிருக்கேன்."

நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். தைத்ததையே மறுபடியும் தைத்தேன்.

பிறகு ஒரு நாள் பலத்த காற்று. காற்று அடித்தால் கிரேனை ஓட்டக் கூடாது. மத்தியானமே மாமா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. திரையில் கொக்கி. மாமா சோறு ஒட்டிய கையோடு, இடது கையால் அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பெடலிலிருந்து காலை எடுத்தேன். அக்கா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, கேக்குதா?" என்றது குரல்.

மாமா "ம்" என்றார். அதற்கு மேல் பேசினால் எங்கே அவள் குரல் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவர் மாதிரி உதட்டை அழுத்தி மூடிக்கொண்டார்.

அவள் பேசினாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மளமளவென்று. "நான் அவரோட ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்ப்பா. நல்லவர்தான். கெட்ட வார்த்தை ஒண்ணும் பேசலை. ஆனா பேசினதெல்லாம் அவர்தான். கல்யாணத்துக்கப்புறம் நான் வேலையை விட்டுடறதா அவராவே முடிவு பண்ணிட்டார். உனக்கு என்ன வேலை, பிடிச்சிருக்கா, ஒண்ணும் கேக்கலை. ஒரு கேள்வி கூட இல்லப்பா. இதைச் சொல்லத்தான் அன்னிக்குப் போன் பண்ணேன். நீங்களும் கேக்கலை. அவரு கேக்கலைன்னா எனக்கென்ன, எழுந்து வந்துட்டேன். நீங்க கேக்கலைங்கறதுதான்..." கொஞ்ச நேரம் அவளால் பேச முடியவில்லை. மாமா அந்த இடைவெளிக்குள் நுழையவில்லை. கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள். ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். தனி அறையில் இருப்பது பற்றிச் சொன்னாள். அப்பாவின் கடைசிப் பதிவை வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது என்றாள்.

"எல்லாம் சொல்லிட்டேன்" என்றாள் கடைசியில். "ஓவர்ப்பா."

அன்றைக்குச் சொன்ன அதே சொல்.  மாமா போன் பக்கம் குனிந்தார்.

"கேட்டேன்டா கொக்கி" என்றார். "முழுசாக் கேட்டேன். வேண்டாம்னா வேண்டாம். மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கறேன். இன்னும் ஏதாவது இருந்தாலும் சொல்லு, ஓவர்."

"இருக்கு. நிறைய இருக்கு. ஓவர்."

"சொல்லு, ஓவர்."

"அப்பா, ஓவர்."

"ம், ஓவர்."

வேறு எதையும் சொல்லத் தொடங்காமல் இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லையே மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு வந்து தட்டுக்குப் பக்கத்திலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"அப்பனும் பொண்ணும் பண்றது ரொம்ப ஓவர்" என்றாள், குரல் உடைந்து. "எனக்கும் பேசணும்டி."