மைதீன் பாயின் யானைகள்

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கினாலே எங்கள் பதினான்கு மாடி தெரியும். அதன் பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்பவர் மைதீன் பாய். ஊர் மாமல்லபுரம். கடற்கரை ஓட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பம்ப் ஓட்டியவர். வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் வலி. நான் ஹரிப்ரியா. ஆறாவது மாடி, குடியிருப்போர் சங்கச் செயலாளர். எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டும்.

தீத்தடுப்புக் கதவு போடுவோம் என்று மூன்று வருஷம் கூட்டம் போட்டேன். ஒருத்தரும் அசையவில்லை. பிறகு, தீப்பாதுகாப்பைப் புதுப்பிக்கும் உயரமான கட்டடங்களுக்கு வீட்டு வரியில் சலுகை என்று அறிவிப்பு வந்தது. எல்லாக் கையும் மேலே போனது. மாடிக்கொரு இரும்புக் கதவு, சின்னக் கண்ணாடி பதித்தது, வைத்தோம், நடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில். தானாகவே மூடிக்கொள்ளும். புகை படிக்கட்டுக்குள் நுழையாது.

ஆனால் கதவு மூடினால் காற்று வராதே! கிரகப்பிரவேசத்தின்போது பில்டர் வீட்டுக்கொரு கருங்கல் யானை கொடுத்திருந்தார். மாமல்லபுரத்து வேலை, தேங்காய் அளவு. அதை வைத்துக் கதவு மூடாதபடி முட்டுக் கொடுத்தோம். சோதனைக்கு அதிகாரி வந்த அன்று யானைகள் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தன. சலுகை கிடைத்த மறுநாள் பழையபடி கதவுக்கு வந்துவிட்டன. 'கதவுகள் எப்போதும் மூடியிருக்கும்' என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மைதீன் பாய் மட்டும் விடவில்லை. தினமும் காலையில் லிஃப்டில் உச்சிக்குப் போவார். ஒவ்வொரு மாடியாகப் படியில் இறங்கி, யானைகளைக் கோணிப்பையில் போட்டு, இரண்டு மூன்று நடையாகக் கீழே கொண்டுவந்து பம்ப் ரூமில் அடுக்குவார். நாங்கள் போய்க் கத்துவோம். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார். மறுநாள் மறுபடி எடுத்துவிடுவார். இந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லவில்லை, சம்பளத்திலும் சேர்த்தி இல்லை.

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. என் மகள் ஜெயப்பிரியா பதிமூன்றாவது மாடி ரெபேக்காள் டீச்சரிடம் டியூஷனுக்குப் போயிருந்தாள். கதவண்டை என் யானையைக் காணோம். பம்ப் ரூமுக்கு இறங்கினேன்.

"இன்னா பாய், தெனம் இதே ரோதனையா? எங்களுக்குக் காத்து வர வேணாமா?"

"காத்து வர்ற வழிலதான் மேடம் பொகையும் வரும்," என்றார், தலை நிமிராமல். "உங்க யானை அந்தக் கடைசில கீது. எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அபாய மணி அலறியது. நிமிர்ந்தால் ஆறாவது மாடியில், எங்கள் எதிர்வீட்டு ஜன்னலில் கரும்புகை. சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் பேட்டரி என்று பிறகு தெரிந்தது. அந்த வீட்டில் ஆள் இல்லை. என் பெண்ணோ மேலே. லிஃப்ட் நின்றுவிட்டது. இருப்பது ஒரே படிக்கட்டு, அவள் ஆறாவது மாடியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

தீயணைக்கும் பம்பை ஓடவிட்டு வந்த மைதீன் பாய் என் பக்கத்தில் நின்றார். "பயப்படாதீங்க மேடம். காலைல பாத்துட்டேன். எல்லாக் கதவும் மூடித்தான் கீது."

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மேல்மாடி ஃபைஸா கைக்குழந்தையோடு வந்தாள். அவள் பின்னால் பத்துப் பேர், இருபது பேர், நாற்பது பேர். ஒருத்தர்கூட இருமவில்லை. ஒரு கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஒன்றில் இத்தனை உயிரா! எந்தச் சந்நிதியிலும் நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

கடைசியில் ஜெயப்பிரியா வந்தாள், கணக்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

"நம்ம மாடிக் கதவுக் கண்ணாடில ஒரே கருப்பும்மா. உள்ள ஒண்ணுமே தெரியல," என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "எதுக்கும்மா இந்த யானையைத் தூக்கிகினு நிக்கிற?"

யானையை மைதீன் பாயிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டார்.