பாலையூற்று லெஸ்லி பார்த்த பள்ளிக்கூடங்கள்

லெஸ்லி குடும்பத்தோடு ஓமானிலிருந்து திரும்பி வந்தபோது ஒக்டோபர் மழை பிடித்திருந்தது. பாலையூற்றில் மரியமலருக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு பல வருடம் வாடகைக்கு இருந்து, கடைசி ஒரு வருடம் பூட்டியே கிடந்தது. கதவைத் திறந்ததும் குசினியிலிருந்து ஈர நெடி வந்தது. மரியமலர் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னல்களைத் திறக்கப் போனாள். லெஸ்லி பெட்டிகளை விறாந்தையில் இறக்கிவிட்டு நேரே மெயின் சுவிச்சைப் பார்க்கப் போனான்.

அவன் தொழில் அப்படி. சோஹார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் களஞ்சியத்தில் பதினேழு வருடம் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளியே போகிற வழி எது என்றுதான் முதலில் பார்ப்பான். மனிதர்களைப் பிறகுதான் பார்ப்பான். கலியாணமான புதிதில் மரியமலரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போன கடையில், அவள் என்ன எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க, இவன் எழும்பிப் போய்ப் பின்கதவைத் தள்ளிப் பார்த்ததை அவள் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

அவன் வந்தது வேலை போனதால் அல்ல. களஞ்சியத்தைப் புதிய கொம்பனி ஒன்று எடுத்தது. நீ இருக்கலாம், ஆனால் குடும்ப விசா கிடையாது, தனி ஆளாக அறையில் இருக்கவேண்டும் என்றார்கள். மகள் லதுஷாவுக்கு அப்போது பதின்மூன்று வயது, மகன் கிருஷாந்தனுக்கு எட்டு. "பிள்ளையளை அனுப்பிப்போட்டு நான் இஞ்ச என்னத்துக்கு?" என்று லெஸ்லி கேட்டான். ஒரு மாதத்துக்குள் நாலு பேருமாகப் புறப்பட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே இந்தியப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் படித்தவர்கள். இரண்டாம் மொழி ஹிந்தி. தமிழ் வாயில் மட்டும்தான் இருந்தது. கடைப் பெயர்ப்பலகையை லதுஷா எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து முடிக்க, பஸ் அந்தக் கடையைத் தாண்டியிருக்கும். அரசாங்கப் பாடசாலையில் கொண்டுபோய் எட்டாம் வகுப்பில் இருத்தினால் வரலாற்றுப் புத்தகத்தை எப்படி வாசிப்பாள்? ஆகவே ஆங்கிலத்தில் படிப்பிக்கிற தனியார் பாடசாலை என்பது விமானம் ஏற முன்னமே முடிவாகியிருந்தது. எது என்பதுதான் மிச்சம். தை மாதம் புதிய வகுப்புத் தொடங்கும்.

முதலில் பார்க்கப் போன பாடசாலைக்கு நாலு பேருமாகவே போனார்கள். கடற்கரைப் பக்கம், ஒரு பழைய மாடிவீட்டை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அதிபர் சிவரூபி மிஸ் ஐம்பது வயது மதிக்கக்கூடியவர். எல்லாருக்கும் கதிரை போட்டு உட்காரவைத்து, பாடத்திட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். லெஸ்லி கேட்டுக்கொண்டிருந்தவன் நடுவில் எழும்பினான்.

"மிஸ், பின்பக்கம் ஒரு கதவு இருக்கு. ஆமைப்பூட்டுப் போட்டிருக்கு. திறப்பு ஆரிட்ட?"

"காவலாளியிட்ட. அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்."

"எப்ப வருவார்?"

"வந்திடுவார். ஏன் கேக்கிறீங்கள்?"

"வரட்டும், பாப்பம்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி லெஸ்லி அந்தக் கதவடியிலேயே நின்றான். காவலாளி வர இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. திறப்புக் கோர்வையில் சரியான திறப்பைத் தேட இன்னும் இரண்டு நிமிடம். லெஸ்லி சட்டைப் பையிலிருந்த கொப்பியில் எழுதிக்கொண்டு, "சரி, வாங்கோ போவம்" என்று குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்த இருபத்துநாலு நிமிடத்தில் லதுஷா எங்கே நின்றாள் என்று அவன் கவனிக்கவில்லை.

அடுத்த ஆறு கிழமையும் அவன் தனியாகத்தான் போனான். விடிய எழும்பிக் குளித்து, சட்டையை அயன் பண்ணிப் போட்டு, மச்சானிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளில் புறப்படுவான். உவர்மலைப் பக்கம் ஒன்று, உப்புவெளிப் பக்கம் ஒன்று. ஒன்றில் மாடிப்படி ஒடுக்கம். மற்றதில் கணினி அறையின் வயர்கள் பாயின் கீழ் ஓடின. ஓரிடத்தில் அவன் தீயணைப்பு உருளையைத் திருப்பித் திகதி பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, மாகாண சபையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். கேக்கும் பழரசமும் வந்தன. "நான் ஒரு பிள்ளையின்ர தகப்பன்" என்று அவன் சொன்ன பிறகும் அந்த உப அதிபர் நம்பாமல் வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஒரு நாள் கண்டி பஸ் ஏறி, விடுதி உள்ள பாடசாலை ஒன்றையும் போய்ப் பார்த்தான். கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திரும்பி வரும் வழியில், ஹபரணையில் பஸ் நின்றபோது, பிள்ளையை இவ்வளவு தூரத்தில் விடுவதற்கா இங்கே வந்தோம் என்று நினைத்து அதையும் வெட்டிவிட்டான்.

வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மழை வெளியே விடவில்லை. மரியமலர் சுவரில் பூஞ்சணம் சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போயிருந்தாள்.

"என்னப்பா, நீங்கள் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் பாக்கிறீங்களோ, இல்லாட்டி எண்ணெய்த் தாங்கி பாக்கிறீங்களோ?" என்று ஒரு மத்தியானம் கேட்டாள்.

"விளையாட்டில்லை, மலர். அறுபது பிள்ளையள் மாடியில இருக்கிற இடம்."

"படிப்பிக்கிறதை ஆர் பாக்கிறது? ஒரு வகுப்புக்குள்ள போய்ப் பத்து நிமிசம் இருந்தீங்களா?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நவம்பர் கடைசியில், சோஹாரில் அவனோடு வேலை செய்த அப்ராஸ் விடுமுறையில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிண்ணியாவுக்குப் போனான். புதிய கொம்பனியின் கீழ் தனியாளாக இருக்கச் சம்மதித்தவன் அப்ராஸ். கிண்ணியாப் பாலத்தில் காற்று மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. அப்ராஸின் மனைவி சுபைதா தேத்தண்ணியும் வட்டிலப்பமும் வைத்துவிட்டுப் போனாள்.

"உங்கட பிள்ளையளுக்கு எப்படிப் பள்ளிக்கூடம் பாத்தீங்கள்?" என்று லெஸ்லி கேட்டான்.

"நான் ஒண்டையும் பாக்கல்ல, லெஸ்லி. சுபைதாதான் பாத்தா. நான் வருசத்தில முப்பது நாள் இஞ்ச. முடிவெடுக்கிற உரிமை எனக்கெங்க?" அப்ராஸ் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க உன்ர கதிரை இன்னும் சும்மாதான் கிடக்கு" என்றான்.

லெஸ்லி அதைக் கேட்காததுபோல வட்டிலப்பத்தை எடுத்தான்.

டிசம்பர் பிறந்தும் ஒரு முடிவும் இல்லை. அவனுடைய கொப்பியில் ஐந்து பாடசாலைகளும் வெட்டுப்பட்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லதுஷா சொன்னாள்:

"அப்பா, நான் முதல் பாத்த ஸ்கூலுக்குப் போறன்."

"அது சரிவராது, மகள். பின்கதவு..."

"நீங்கள் அந்தக் கதவடியில நிக்கேக்க நான் எட்டாம் வகுப்பு யன்னலடியில நிண்டனான். கணக்குப் படிப்பிக்கிற இராகுலன் சேர் உள்ள வரச்சொன்னவர். சோக்கட்டியைத் தந்து கரும்பலகையில கிடந்த கணக்கைச் செய்யச் சொன்னவர். நான் ஓமானில படிச்ச முறையில செய்தனான். அவர் அதை அழிக்கேல்லை. பக்கத்தில தன்ர முறையையும் எழுதிப்போட்டு, ரெண்டும் ஏன் ஒரே விடை எண்டு வகுப்பைக் கேட்டவர்."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் லெஸ்லி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மரியமலர் மீன்குழம்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

அடுத்த நாள் அவன் சிவரூபி மிஸ்ஸின் முன்னால் போய் உட்கார்ந்தான். இந்த முறை கொப்பியை எடுக்கவில்லை.

"அந்தக் கதவை ஏன் பூட்டி வைக்கிறீங்கள், மிஸ்?"

"மான் வருது. இந்தப் பக்கம் தெருவெல்லாம் மான் திரியுதெல்லோ" என்றார் அவர். "போன வருசம் ஒரு நாள் திறந்து கிடந்தது. ரெண்டு மான் உள்ள வந்து மூண்டாம் வகுப்பின்ர சித்திரக் கொப்பி எல்லாத்தையும் திண்டு, பிள்ளையளின்ர சாப்பாட்டுப் பெட்டியையும் கவிழ்த்துப்போட்டுது. சின்னன்கள் கத்தின கத்தலில அயலெல்லாம் கூடிற்று. கலைக்கவும் ஏலாது, அடிக்கவும் ஏலாது. பிறகு பூட்டினதுதான்."

லெஸ்லி சிரித்துவிட்டான். அந்த ஆறு கிழமையில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. பூட்டுக்கு ஒரு காரணம் இருக்கும் என்றோ, அதைக் கேட்கலாம் என்றோ அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்காத தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது என்று அவருக்குச் சொன்னான். அந்தச் சனிக்கிழமையே ஹாட்வெயார் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு போய்த் தானே அதைப் பொருத்திக் கொடுத்தான். கிருஷாந்தன் அதைத் தள்ளித் தள்ளி இருபது தடவை திறந்து பார்த்தான். இரண்டு பிள்ளைகளின் பெயரும் அன்றைக்கே பதிவாகியது.

தை மாதம் வகுப்புத் தொடங்கியது. ஏழேகாலுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவான். ஒன்றே முக்காலுக்கு ஏற்றப் போவான். இடையில் கிடந்த ஆறரை மணித்தியாலத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. துறைமுகப் பக்கம் இரண்டு இடத்தில் வேலை கேட்டான். படிவம் வாங்கிக்கொண்டு அறிவிக்கிறோம் என்றார்கள். நிலாவெளியில் ஒரு ஹோட்டல்காரர், "உங்கட தகுதிக்கு எங்களிட்ட வேலை இல்லை, அண்ணன்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக் கூரையைப் பிரித்து ஓடு மாற்றினான். கிணற்றுக்கட்டுக்குச் சீமெந்து பூசினான். பிறகு செய்வதற்கு வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. பாடசாலையில் எதையாவது பார்த்துச் சொல்லப் பத்து மணிக்கே போய் நிற்கத் தொடங்கினான். மூன்றாம் கிழமை சிவரூபி மிஸ் அவனைக் கூப்பிட்டு, வகுப்பு நேரத்தில் பெற்றோர் உள்ளே நிற்பது பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று கோபமில்லாமல் சொன்னார். லெஸ்லி தலையாட்டிவிட்டு வந்து, மோட்டார் சைக்கிளை உட்துறைமுகத்துப் பக்கம் விட்டு, ஓர் எண்ணெய்க் கப்பல் நங்கூரமிட்டு நிற்பதை மத்தியானம்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

சித்திரை மாதம் அப்ராஸ் சோஹாரிலிருந்து போன் எடுத்தான். "ரெண்டு வருச ஒப்பந்தம். பழைய இடம், பழைய வேலை. அறைதான் தனி அறை. நீ ஓம் எண்டால் நான் கதைக்கிறன்."

லெஸ்லி இல்லை என்றான். பத்து நாள் கழித்து அவனே திரும்ப எடுத்தான்.

மரியமலரிடம் சொன்னபோது அவள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் குத்தி முடித்த பிறகுதான் திரும்பினாள்.

"தனிய இருக்கமாட்டன் எண்டுதானே வந்தனீங்கள்."

"ஓம்."

"இஞ்ச எங்களோட இருந்தும் தனியத்தான் திரிஞ்சனீங்கள். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன்." அடுத்த சட்டையை எடுத்தாள். "போங்கோ. ஆனா பிள்ளையளுக்கு நீங்களே சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

அவன் சொன்னான். கிருஷாந்தன் எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டான். லதுஷா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், பாடசாலை வாசலில் இறங்கும்போது, "என்னைக் கேட்டிருந்தா நான் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கேட்காமல் விட்டது இரண்டாம் தடவை என்பது, வாசலில் நின்ற லெஸ்லிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் விசா வந்திருந்தது.

ஜூன் மாதம் போய்விட்டான்.

அவன் போன பிறகு கிருஷாந்தனுக்கு அந்தப் பாடசாலை ஒத்துவரவில்லை. தினமும் காலையில் வயிற்று வலி என்றான். மரியமலர் ஒரு கிழமை அனுமதி கேட்டு அவன் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த இன்னொரு சின்னப் பாடசாலைக்கு அவனை மாற்றினாள். அங்கே தமிழும் ஆங்கிலமும் கலந்து படிப்பித்தார்கள். வயிற்று வலி ஒரு மாதத்தில் நின்றது. மாற்றி முடித்த பிறகுதான் லெஸ்லிக்குச் சொன்னாள். அவன் "நல்லது, மலர்" என்றான்.

லதுஷாவுக்குத் தமிழில் முதல் தவணை இருபத்துமூன்று. மூன்றாம் தவணை நாற்பத்தெட்டு. கணக்கில் வகுப்பில் இரண்டாவது. அடுத்த வருடத்துக்கான பாடங்களை அவள் இப்போதே தெரிவு செய்யவேண்டும் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை மரியமலர் படமெடுத்து அனுப்ப, லெஸ்லி வேலை இடைவேளையில் போன் எடுத்தான்.

"மகள், என்ன பாடம் எடுக்கப் போறீங்கள்?"

"யோசிச்சுக்கொண்டிருக்கிறன், அப்பா. வெள்ளிக்கிழமை குடுக்கவேணும்."

"வியாழக்கிழமை எனக்கு லீவு. காலமை எடுக்கிறன். இருந்து கதைப்பமா?"

"காலமை ஸ்கூல், அப்பா. பின்னேரம் நாலு மணிக்கு எடுங்கோ" என்றாள் லதுஷா.

லெஸ்லி போனை வைத்துவிட்டு, வியாழன் நாலு மணி என்று கையில் எழுதிக்கொண்டான்.