வடகாட்டுப் பலாப்பாலும் என் கொலஸ்டிராலும்

1962 ஜூன் கடைசியில் நான் திருச்சியிலிருந்து வடகாட்டுக்குப் போனது பலாப்பழம் தின்ன அல்ல, பலாப்பாலுக்காக. கொழுப்பிலிருந்து எடுத்த கொலஸ்டிராலோடு பலாப்பாலில் இருக்கும் டெர்பீன் என்ற பிசின் வகைப் பொருளை இணைத்து ஒரே மூலக்கூறாக்குவதுதான் கல்லூரியில் என் ஆராய்ச்சி. உதவித்தொகை ஆகஸ்டோடு சரி. பலாப் பருவம் அதற்கும் முன்பே முடிந்துவிடும். இந்த முறை பால் கிடைக்காவிட்டால் மூன்று வருட உழைப்பும் போச்சு, பட்டமும் போச்சு.

காலை 6.10 பஸ். புதுக்கோட்டைக்கு 33 மைல், ஒன்றரை ரூபாய். கீரனூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கி இருபத்தைந்து நிமிஷம் ஊர்க்கதை பேசினார். புதுக்கோட்டையில் நான் இறங்க, ஆலங்குடி பஸ் கண்ணெதிரே கிளம்பியது. அடுத்தது 10.40-க்கு, 12 மைல், அறுபது நயா பைசா. ஆலங்குடியிலிருந்து வடகாடு ஆறு மைல். பஸ் ரிப்பேராம். மாட்டுவண்டிக்கு ஒரு ரூபாய்.

"சீக்கிரம் போகணுங்க" என்றேன்.

"அத மாட்டுக்கிட்ட சொல்லுங்க" என்றார் வண்டிக்காரர்.

தோப்புக்காரர் கருப்பையாவும் அவர் மனைவி செல்லம்மாளும், என் கடிதப்படி, காய் இறக்கும்போதெல்லாம் காம்பில் வடியும் பாலைச் சேர்த்து வைத்திருந்தார்கள். நாலு சட்டி! ஆசையாக விரலை விட்டேன். வழுக்கியது.

"என்னம்மா இது?"

"நல்லெண்ணெங்க. எண்ணெ தடவாமப் புடிச்சா பாலு சட்டியிலயே ஒட்டிக்கிரும்ல?"

எண்ணெயில் கொலஸ்டிராலுக்கு உறவான பொருள்கள் உண்டு. கலந்துவிட்டால் பிரித்தெடுக்க என் ஆயுள் போதாது. கையில் எண்ணெய் தடவாமல் யாரும் பலாவைத் தொடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடிதத்தில் 'சுத்தமான சட்டி' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். தப்பு என்னுடையது. இருந்தும் கத்தினேன்.

"எல்லாம் பாழ்! யாரு எண்ணெ தடவச் சொன்னா?"

கருப்பையா அரிவாளோடு கடைசி மரத்துக்குப் போனார். ஐந்து காய்கள் மிச்சமிருந்தன. ஒவ்வொன்றாக அறுத்தார், என் கண்ணாடிப் புட்டியைக் காம்படியில் பிடித்தேன். முக்கால் புட்டி சேர்ந்தது.

"இனி இதெல்லாம் பழுக்குமா?" என்று கேட்டேன்.

"வெளையாத காயி, எங்கிட்டுப் பழுக்கும்?" என்றார் செல்லம்மாள். "மக மாசமா இருக்கா, பழம் வேணும்னு கேட்டா. அதுக்குத்தான் விட்டு வச்சிருந்தோம். பரவாயில்ல, ஒங்களுக்கு அவசரம்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது.

பாலுக்காக வடகாடு போகிறவர்கள் காலை எட்டரைக்குள் புதுக்கோட்டையில் இருங்கள். வடகாட்டிலிருந்து மாலை 4.30-க்கு மேல் பஸ் கிடையாது. புட்டியை நீங்களே கொண்டுபோங்கள்; எண்ணெய் கூடாது என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

திருச்சி திரும்பிய பதினெட்டாம் நாள் கொலஸ்டிராலும் பலாப்பால் பொருளும் இணைந்து வெள்ளைப் படிகமாக வந்தது. அன்று மாலையே மார்க்கெட்டுக்கு ஓடி, செல்லம்மாளின் மகளுக்கு அனுப்ப ஒரு பலாப்பழம் தேடினேன். பருவம் முடிந்துவிட்டது என்றார்கள்.