மணி மட்டும் எங்களுடையது

பண்டாரவளையில் என் கடையில், நான் உட்காரும் நாற்காலிக்கு மேலே ஓர் ஆணியில் பித்தளை மணி ஒன்று தொங்குகிறது. மாட்டின் கழுத்தில் கட்டும் மணி. கயிறு கோக்கும் வளையம் தேய்ந்து கம்பிபோல ஆகிவிட்டது. சாமி மணி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. போன வாரம் எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கும் வாசலில் மாட்ட வேண்டுமாம், என்ன விலை சொன்னாலும் தருவாராம். விற்பதற்கில்லை என்றேன். வியாபாரிக்கு விற்காத சாமானும் உண்டா என்று சிரித்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "வெளியில நிக்கிற லொறியில ஒண்ணக் கேளுங்க, பேசுவோம். இதக் கேக்காதீங்க" என்றேன். மனிதர் தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் வெலிமடைக் கிழங்கும் லீக்ஸும் கொழும்புக்குப் போகிற பாதையில் என் லொறியைத் தெரியாத ஆள் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். மூட்டை தூக்கியவன் மூட்டைக்கு முதலாளி ஆனேன். பண்டாரவளையில் மூன்று மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறேன். வங்கி மனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். யார் தயவும் இல்லாமல் வந்தேன் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்லுவேன். ஆனால் மூட்டை தூக்கிய இந்த உடம்பு ஒரு மாட்டின் பாலில் வளர்ந்தது. அந்த மாடு என் அத்தையின் மாடு. அந்தப் பாலை எனக்குக் கொடுத்தது லயம், தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அடக்க ஒடுக்கமான பெண்பிள்ளை என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். வாய் திறந்தால் பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் கேட்கும். தன் மாட்டைப் பற்றி அவள் அடித்த பெருமையைக் கேட்டால், நான் அடிக்கிற பெருமையெல்லாம் ஒன்றுமே இல்லை. துரையின் பங்களாவில் நிற்கிற சீமை மாடு தன் மாட்டைப் பார்த்து வெட்கப்படுகிறது என்பாள். லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கான் ஓரமாகத் தகரமும் பலகையும் வைத்து அவளே கட்டிய பட்டி. அந்த இடம் தோட்டத்து இடம். லயமும் தோட்டத்து இடம். மாடு மட்டும்தான் அவளுடையது.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டு மாடு கன்று போட்டாலும், அதன் கழுத்து மணியைக் கழற்றி, வீட்டு வாசல்களை ஒட்டிய இஸ்தோப்பு நெடுகிலும் ஆட்டிக்கொண்டு போவார்கள். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு செம்பும் கோப்பையுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள். முதலில் சீம்பால், சர்க்கரை போட்டு அவித்து. பால் தெளிந்த பிறகும் அந்த வாரம் முழுக்கக் கறக்கிற பால் லயத்துக்குத்தான். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முதலில், பிறகு மற்றவர்களுக்கு. மணிச் சத்தம் கேட்டு வந்த செம்பு வெறுமையாகத் திரும்பக் கூடாது. கடைசியாக வந்த ஆளுக்குப் பால் தீர்ந்துபோனால் அத்தை தன் வீட்டுக்கு எடுத்து வைத்ததை ஊற்றுவாள், ஊற்றும்போதே பிந்தி வந்ததற்கு ஏசுவாள். என்னைப் பெற்ற அம்மாவுக்குப் பால் ஊறவில்லை. நான் பிழைத்தது அப்படி ஒரு வாரத்தில்தான். பிறகு வருஷக்கணக்கில் அத்தை எனக்கென்று ஒரு கோப்பை தனியே கறந்து வைத்தாள்.

அந்த வாரம் முடிந்த பிறகு பால் மாட்டுக்காரிக்கு. டவுன் தேத்தண்ணிக் கடைக்குப் போகும், வீட்டுக்கு உப்பு புளி வாங்க உதவும். ஆனால் புல் யாருடையது? சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு மலையிறங்கி வரும் பெண்கள், கான் ஓரத்திலும் பாதை ஓரத்திலும் மானாப்புல்லை அறுத்து, கூடை காலியான முதுகில் ஒரு கட்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அத்தையின் பட்டியைக் கடக்கும்போது அங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். கேட்டு யாரும் கொடுக்கவில்லை. இவள் இவ்வளவு போட்டாள், அவள் போடவில்லை என்று எவளும் பார்க்கவும் இல்லை. அத்தை ஒருத்தியால் அறுக்கக்கூடிய புல்லில் ஒரு மாடு வாழாது. லயமே அறுத்ததால் வாழ்ந்தது.

இதைப் பிற்பாடு கோட்டுப் போட்டவர்கள் வந்து "சமூகப் பொருளாதார மேம்பாடு" என்றார்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தைக்கு வயதாகி, பழைய மாடும் செத்துப் பட்டி காலியாகக் கிடந்த காலம். நான் அப்போது பெரிய ஆளாகிவிட்டேன். தோட்டத்துக்கு ஒரு திட்டம் வந்தது. வாசலில் மூன்று மொழியில் பலகை நட்டார்கள். டவுனில் ஹோல் எடுத்துக் கூட்டம் வைத்து, ரோல்ஸும் பட்டிஸும் கொடுத்து, மாடு வளர்ப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். தெரிந்தெடுத்த சில பேருக்கு நல்ல பால் மாடு. அந்தச் சில பேருக்குப் பயனாளி என்று பெயர். லயத்தில் மற்றவர்களுக்கு என்ன பெயர் என்று யாரும் சொல்லவில்லை. மாட்டுக்காரி என்பதால் அத்தைக்கும் ஒன்று கிடைத்தது. மாட்டுக்குக் காதில் இலக்கம் அடித்தார்கள், காப்புறுதி போட்டார்கள். அத்தை குடியிருந்த காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, இன்றைக்கும் இலக்கம் கிடையாது. அவளுக்கு வரும் கடிதம் தோட்டத்து ஒபிஸில் மற்றக் கடிதங்களோடு கிடக்கும். மாடு கொடுத்தவர்கள் புல் நட ஒரு பேர்ச் மண் கொடுக்கவில்லை. கொடுக்க அவர்களால் முடியாதாம், நிலம் வேறு பிரிவாம்.

அத்தைக்கு அதெல்லாம் பெரிதில்லை. மாட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பழைய மணியைப் புதுக் கயிற்றில் கட்டினாள். மலையிலிருந்து புல் மறுபடி இறங்கியது. மாடு கன்று போட்டதும் மணியைக் கழற்றிக்கொண்டு இஸ்தோப்பு நெடுக ஆட்டிப் போனாள். கறக்கிற பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்குத்தான் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அவளும் தலையாட்டியிருந்தாள். அதை மீறுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கிற தண்ணீரை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா? அப்படித்தான் அவளுக்கு அந்த வாரத்துப் பால்.

நிலையத்துக்குப் பால் வரவில்லை என்று திட்ட அதிகாரி லயத்துக்கு வந்தார். இளம் வயது, பதுளைப் பக்கத்துத் தமிழ்ப் பையன், மரியாதை தெரிந்தவர். அத்தை அவரை உட்காரவைத்து, அவித்த சீம்பாலை ஒரு கிண்ணம் கொடுத்தாள். வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் கேட்டார், பால் எங்கே போகிறது என்று. அவள் பெருமையாக வீடு வீடாகக் கைநீட்டிக் காட்டினாள்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. அத்தை பொருத்தமான பயனாளி இல்லை. மாட்டைக் கீழ் லயத்தில் இன்னொருவருக்கு மாற்றுகிறார்கள்.

எனக்குச் செய்தி வந்ததும் பதுளைக்குப் போனேன். திட்டத்து ஒபிஸில் உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தேன். மாட்டுக்கு என்ன விலையோ நான் தருகிறேன் என்றேன். திட்டத்து மாட்டை விற்க முடியாது என்றார், சீம்பால் சாப்பிட்டுப் போன அந்தத் தம்பி. நான் குரலை உயர்த்தவில்லை.

"அவங்க என்னா தம்பி தப்பு பண்ணாங்க?"

"தப்புன்னு இல்லைங்க ஐயா. ஒரு வாரத்துப் பால் முழுசும் வீணாப் போயிருக்கு."

"புள்ளைங்க குடிச்சது வீணா?"

"அப்படிச் சொல்லலைங்க. அது வருமானத்துல வராது. அதான்."

படித்த பையன் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் வாழ்க்கையில் பேரம் பேசி வாங்க முடியாமல் திரும்பிய சாமான் அது ஒன்றுதான்.

மாட்டை ஏற்ற வாகனம் வந்த அன்று நான் லயத்தில் நின்றேன். வேலைக்குப் போகாமல் சனமும் நின்றது. அத்தை கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாட்டின் கழுத்தைத் தடவி, மெதுவாகக் கயிற்றை அவிழ்த்து மணியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "மாடு ஒங்களோடது, கொண்டு போங்க. மணி எங்களோடது" என்றாள். அவ்வளவுதான்.

கீழ் லயத்துக்காரர் கெட்டவர் இல்லை. சொன்னபடி கடைசிச் சொட்டு வரைக்கும் நிலையத்துக்கு ஊற்றினார். அவர் பட்டிக்கு ஒரு பெண்ணும் புல் இறக்கவில்லை. கோபத்தால் இல்லை, அந்த மாட்டுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் போனது. தீனி வாங்கிப் போட்டார். நாட்டில் எல்லாம் விலையேறிய காலம் வந்ததும் தீனி வாங்க முடியவில்லை. மாடு வற்றி, கடைசியில் இறைச்சிக்குப் போனது. அது போவதற்கு முன்பு எடுத்த படம் திட்டத்துப் புத்தகத்தில் இருக்கிறது. வெற்றிக் கதையாம். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். கடையில் வெங்காயம் சுற்றக் கொடுத்துவிட்டேன்.

அத்தைக்கு நான் வேறு மாடு வாங்கித் தருகிறேன் என்று போய் நின்றேன். அம்பேவெலப் பக்கத்து நல்ல மாடு, விலை எனக்குப் பெரிதில்லை என்று சொல்லியும் காட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒன் மாட்டுக்கு எவடா புல்லு கொண்டாருவா? மொதலாளி மாடு, மொதலாளியே மேய்க்கட்டும்னுவாளுக" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு அவளே சிரித்துவிட்டு, மணியை எடுத்து என் கையில் திணித்தாள். லயத்துக்கென்று ஒரு மாடு வருகிற அன்றைக்குக் கட்டு, அதுவரைக்கும் பத்திரமாக வை என்றாள். அடுத்த மழைக்காலத்துக்கு அவள் இல்லை.

அதனால்தான் அந்த மணி விற்பனைக்கு இல்லை. அது என்னுடையதே இல்லை.

போன மாதம் மறுபடி ஒரு திட்டம் வந்தது. பெயர் வேறு, பலகை வேறு, முகங்களும் வேறு. எங்கள் லயத்து வாசலில் கூடாரம் அடித்து, வாழை கட்டி விழா. இந்தத் தோட்டத்தில் பிறந்து முன்னுக்கு வந்தவர் என்று என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். வேட்டி கட்டி, தங்கச் சங்கிலி போட்டு, மணியையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பேசச் சொன்னபோது ஒன்றே ஒன்று கேட்டேன். கன்று போட்ட முதல் வாரத்துப் பால் லயத்துக்கு என்று உங்கள் சட்டத்தில் எழுதுங்கள், இந்த மணியை நானே மாட்டின் கழுத்தில் கட்டுகிறேன் என்றேன். பெரிய அதிகாரி சிரித்தபடி, நல்ல யோசனை, கொழும்பில் பேசிப் பார்க்கிறோம் என்றார். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். கிழங்குக்குக் குறைந்த விலை கேட்கிறவன் அப்படித்தான் சிரிப்பான்.

மணியை எடுத்து ஆட்டினேன். மேடையில் இருந்தவர்கள், நான் விழாவை ஆரம்பித்து வைக்கிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். கை தட்டல் நின்ற பிறகும் ஆட்டினேன். இஸ்தோப்புகளில் நின்ற இளசுகள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தச் சத்தம் ஒன்றும் சொல்லவில்லை.

மேல் லயத்திலிருந்து ஒரு கிழவி படியிறங்கி வந்தாள். அத்தையோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள், அந்தக் காலத்தில் அதிகம் புல் இறக்கியவள். கையில் செம்பு. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"யாரு வீட்டு மாடு தம்பி கன்னு போட்டுருக்கு?"

பக்கத்தில் அதிகாரி குனிந்து, இந்த அம்மா யார் என்று கேட்டார். "இவங்களா? ஒங்க பட்டியல்ல இல்லாதவங்க" என்றேன்.

மணிச் சத்தம் கேட்டு வந்த செம்பு வெறுமையாகத் திரும்பக் கூடாது. மேசையில் விருந்தினர்களுக்கென்று பிளாஸ்க் நிறையப் பால் தேத்தண்ணி வைத்திருந்தார்கள். எடுத்து மூடியைத் திறந்தேன். மேடையில் ஒருவருக்கும் மிச்சம் வைக்காமல் முழுவதையும் அவள் செம்பில் ஊற்றினேன். அவள் முகர்ந்து பார்த்தாள்.

"இது பேக்கட்டு பால்மாவுல போட்டதுல்ல?"

"ஆமாக்கா. இவங்க மாடு இதத்தான் கறக்குது."

கிழவி சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து லயமே சிரித்தது. பெரிய அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நான் மணியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர்கள் கொண்டுவந்த மாடு கழுத்தில் ஒன்றும் இல்லாமல், காதில் இலக்கத்தோடு வாழைமரத்தடியில் நின்றது.

மணி இப்போது அதே ஆணியில் தொங்குகிறது. லொறி புறப்படும்போது கடை அதிரும், அது தானாக ஒருமுறை ஒலிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் இன்றைக்கும் வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன், யாராவது செம்போடு வருகிறார்களா என்று.