திறப்புக்கு முதல் ஒரு கேள்வி

ஹோட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னாலை நிக்கிறவைக்கு முகம் எப்பவும் சிரிச்சபடி இருக்கவேணும், மேசைக்குக் கீழை முழங்கால் படுற பாடு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. கடையிலை, கவுண்டரிலை, கிளினிக் வாசலிலை நிண்டு பிழைக்கிற என்ரை சக பாவப்பட்ட சனத்துக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

டோர்ட்மண்ட் ஸ்டேசனுக்குக் கிட்ட இருக்கிற ஒரு ஹோட்டலிலை பன்னிரண்டு வருசம் கட்டில் விரிச்சனான். மேலை நாலு மாடி அறையள், கீழை வரவேற்பும் இத்தாலியன் சாப்பாட்டுக்கடையும். கட்டிலுக்குக் கட்டில் குனிஞ்சு, முழங்காலிலை நிண்டு விரிப்புச் செருகிச் செருகி, போன வருசம் வலது முழங்கால் "இனி ஏலாது" எண்டு சொல்லிப்போட்டுது. டொக்டரும் அதையேதான் சொன்னார். எங்கடை மனேச்சர் திருமதி கெஸ்லர் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு என்னை வரவேற்புக்கு மாத்தினா. ஆறு மாசம் பாக்கிறது, விருந்தாளியள் இன்ரநெற்றிலை என்ன எழுதினம் எண்டு பாக்கிறது, சரிவராட்டி திரும்ப மேலை. திரும்ப மேலை போனால் என்ரை முழங்காலும் போச்சு, வேலையும் போச்சு. அதுதான் கதை.

ஹம்பேர்க்கிலயிருந்து வந்த ஆணிக்காரர்

முதல் நாள் பின்னேரம். ஆணி, புரியாணி விக்கிற கொம்பனி ஆள் ஒருத்தர் ரெயின் ரெண்டு மணித்தியாலம் பிந்தி, சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்து நிக்கிறார். மூஞ்சை தொங்கிப்போய்க் கிடக்கு. நான் என்ன கேட்டிருக்கவேணும்? பேர், அடையாள அட்டை, கையெழுத்து. பிறகு அறைக் கதவுத் திறப்பைக் கையிலை குடுக்கவேணும். ஒரு கிழமையா எனக்கு அதைத்தான் பழக்கினவை. ஆனா அந்த மூஞ்சையைப் பாத்ததும் வாய் தன்ரை பாட்டிலை கேட்டிட்டுது: "சாப்பிட்டீங்களோ?" வீட்டுப் படியேறி வாற ஆரிட்டையும் நாங்கள் கேட்கிறதுதானே. அதை ஜெர்மனிலை கேட்டன், அவ்வளவுதான்.

மனிசன் பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தார். சரி ராணி, முதல் நாளே துலைஞ்சாய் எண்டு நினைச்சன். அவர் கழுத்துப்பட்டியைத் தளத்திப்போட்டுச் சொன்னார்: "இல்லை. காலையிலிருந்து முப்பது பேரைச் சந்தித்தேன், ஒருவரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை."

தெற்கு, இன்னும் தெற்கு

பிறகு நான் எல்லாரிட்டையும் கேட்கத் துவங்கினன். ஜெர்மன்காரர் ஒரு கணம் முழிப்பினம், பிறகு "உண்மையாய் இல்லைத்தான்" எண்டு பக்கத்திலை கடைக்குப் போவினம். பொலோஞ்ஞாவிலயிருந்து வந்த ஒரு இத்தாலியச் சோடி மட்டும் முழிக்கேல்லை. ரெயினிலை என்ன பாண் தின்னக் குடுத்தவை, அது எவ்வளவு கேவலம், அதுக்குள்ளை இருந்த சீஸ் எந்தக் காலத்துச் சீஸ் எண்டு பத்து நிமிசம் மறுமொழி சொன்னவை. கேள்வி விளங்கின ஆக்கள்! எனக்கு அவையைக் கட்டிப்பிடிக்கவேணும் போல இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு முடிய, அந்தச் சோடி சமையல்காரரைப் பாக்கவேணும் எண்டு நிண்டினம். எங்கடை குசினியிலை இத்தாலியர் ஆர் இருக்கினம்? மன்னாரிலயிருந்து வந்த அன்ரன் அண்ணைதான். பழைய இத்தாலியச் செஃப் ஊருக்குத் திரும்பிப் போகேக்கை கரண்டியை இவரின்ரை கையிலை குடுத்திட்டுப் போனவர். அண்ணை கையைத் துடைச்சுக்கொண்டு வெளியிலை வந்தார். "இத்தாலியில் எந்தப் பக்கம்?" எண்டு மனிசன் கேட்டார். "தெற்கு." "நாப்போலியா?" "இன்னும் தெற்கு." "சிசிலியா?" "இன்னும் கொஞ்சம்." "அதற்குக் கீழே கடல்தானே!" "ஓம், அந்தக் கடலைத் தாண்டித்தான்."

நான் பயந்துபோனன், ஏமாத்திப்போட்டியள் எண்டு எழுதப்போகினமோ எண்டு. மனிசி கோப்பையிலை மிச்சம் கிடந்த சோசைப் பாணாலை வழிச்சுத் துடைச்சு வாயிலை போட்டுக்கொண்டு சொன்னா: "தெற்கே போகப் போகச் சாப்பாடு நன்றாகும் என்று நாற்பது வருடமாக இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

மியூனிக் அம்மாவும் தடையும்

எல்லாம் நல்லாப் போகுது எண்டு நினைக்கேக்கைதானே ஆரும் வந்து சேருவினம். மியூனிக்கிலயிருந்து ஒரு பெண்பிள்ளை, நல்ல உடுப்பு, சின்ன சூட்கேஸ், பெரிய கறுப்புக் கண்ணாடி. நான் வழமைபோலக் கேட்டன். அவ திறப்புக்குக் கையை நீட்டினா. பசி போல எண்டு நினைச்சு, "கடையிலை சூப்பாவது குடியுங்கோ" எண்டு இன்னொருக்கால் சொன்னன். அதுதான் நான் செய்த பிழை. ஒருக்கால் கேட்டால் விசாரிப்பு, ரெண்டாந்தரம் கேட்டால் கரைச்சல் எண்டு இந்த நாட்டிலை ஒரு கணக்கு இருக்கு. எங்களுக்கெண்டால் மூண்டாந்தரம் கேட்டால்தான் மரியாதை.

அடுத்த நாள் திருமதி கெஸ்லர் அவவின்ரை விமர்சனத்தை அச்சடிச்சுக்கொண்டு வந்தா. ஐஞ்சு நட்சத்திரத்திலை ஒண்டு. சாப்பாட்டுக்கடைக்கு ஆள் பிடிக்கினமாம், தன்ரை சொந்த விசயத்திலை தலையிட்டதாம். "திருமதி அருளப்பு, இனி இந்தக் கேள்வி வேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டு, கடைசி வரியை என்ரை முகத்துக்கு நேரை வாசிச்சா: "நான் அறைத் திறப்பைத்தான் கேட்டேன், அம்மாவை அல்ல."

பரிஸ் அக்காவின்ரை றைஸ் குக்கர்

அதுக்குப் பிறகு நான் வாயைப் பொத்தினன். "வணக்கம், கையெழுத்து, லிஃப்ற் வலது பக்கம்." அவ்வளவுதான். அன்ரன் அண்ணை குசினிக் கதவாலை தலையை நீட்டி, "என்ன பிள்ளை, மேசையெல்லாம் வெறுமையாக் கிடக்கு, ஊரிலை ஒருத்தருக்கும் பசிக்கிறேல்லையோ?" எண்டு கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது, ஆனா என்ன செய்யிறது? ஆறு மாசம் முடிய இன்னும் ரெண்டு கிழமைதான் இருந்தது.

அந்த நேரம் பாத்துப் பக்கத்து ஹம் நகரத்திலை ஊன்ட்றொப் அம்பாள் கோயிலின்ரை தேர். ஹம்மிலை அறை கிடையாமல் சனம் டோர்ட்மண்ட் வரைக்கும் வந்து தங்கும். பரிஸிலயிருந்து ஒரு அக்காவும் அவவின்ரை மனிசனும் காரிலை வந்திறங்கினவை. என்னைக் கண்டதும் அக்காவின்ரை முகம் மலர்ந்தது. "ஆ, தங்கச்சி, எங்கடை ஆளே!" நானும் சிரிச்சன். பக்கத்திலை திருமதி கெஸ்லர் நிண்டா. "கையெழுத்து வையுங்கோ, லிஃப்ற் வலது பக்கம்." அக்காவின்ரை சிரிப்பு அப்பிடியே இறங்கினதைக் கண்டன்.

பின்னேரம் ஆறு மணிக்கு நெருப்பு மணி அடிச்சுது. மாதாவே! எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. முழு ஹோட்டலும் கார் நிப்பாட்டுற இடத்திலை. ஒருத்தர் குளியல் துவாயோடை, ஒருத்தர் ஒரு கால் சப்பாத்தோடை. அன்ரன் அண்ணை கையிலை ஒரு கூடை பாணோடை. நெருப்பணைக்கிற வண்டி ரெண்டு சத்தம் போட்டுக்கொண்டு வந்து, ஆக்கள் ஏணி, குழாய் எல்லாத்தோடையும் மேலை ஓடிப்போய், ஒரு றைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தினம். புகையறியிற பெட்டிக்கு நேர் கீழை வைச்சு அவிச்சிருக்கினம். ஆவியை அது புகை எண்டு நினைச்சிட்டுது.

"ஏனக்கா அறைக்குள்ளை சமைச்சனீங்கள்?" எண்டு பாய்ஞ்சன். என்ரை வேலை போகப்போகுது எண்ட கோவம் முழுக்க அதுக்குள்ளை இருந்தது. அக்கா என்னைவிட உரக்கச் சொன்னா: "விரதத்தோடை நாலு மணித்தியாலத்துக்கு மேலை கார் ஓடி வந்தனாங்கள். தமிழ்ப் பிள்ளை நிக்குது எண்டு பாத்தால், சாப்பிட்டியளோ எண்டு ஒரு சொல் கேட்டனியே? சரி, இஞ்சை எங்களுக்குச் சாப்பாடு இல்லையாக்கும் எண்டு நினைச்சம்!"

எனக்கு வெக்கமாப் போச்சு. சொன்னால் நம்புங்கோ, அழுகையே வந்திட்டுது. தடையாவது மண்ணாங்கட்டியாவது! உள்ளை போகலாம் எண்டு விட்டதும் வாசலிலை நிண்டு, உள்ளை வந்த ஒவ்வொருத்தரிட்டையும் கேட்டன். துவாய்க்காரரிட்டை, ஒற்றைச் சப்பாத்துக்காரரிட்டை, எல்லாரிட்டையும். அன்ரன் அண்ணை குக்கரை வாங்கிக்கொண்டு போய், அரை அவியல் சோத்தைக் குசினியிலை அவிச்சு முடிச்சு, உள்ளி வெங்காயம் போடாமல் கத்தரிக்காயும் தக்காளியும் பிரட்டிப் பரிஸ் அக்காவுக்குக் குடுத்தார். மற்ற மேசையளிலை இருந்தவையும் அதையே கேட்டினம். கடைசியா வாசலிலை நிண்டது நெருப்பணைக்கிறவையின்ரை தலைவர். கேட்ட வேகத்திலை அவரிட்டையும் கேட்டிட்டன். அவர் தலைக்கவசத்தைக் கழட்டிப்போட்டு விறைப்பா நிண்டு சொன்னார்: "நாங்கள் பணியில் இருக்கிறோம். ஆனால் கேட்டதால் சொல்கிறேன், இல்லை."

திங்கட்கிழமை ரெர்மின்

எல்லாத்தையும் திருமதி கெஸ்லர் லிஃப்றுக்குப் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தவ. திங்கட்கிழமை பத்து மணிக்கு ரெர்மின், தன்னை வந்து சந்திக்கவேணும் எண்டு மட்டும் சொன்னா. நான் கட்டில் விரிக்கேக்கை கட்டின பழைய நீல ஏப்ரனைத் தோய்ச்சு, மடிச்சு, பையிலை வைச்சுக்கொண்டு போனன். மேலை அனுப்பப்போறா எண்டால் கெஞ்சாமல் எடுத்துக் கட்டுவம் எண்டு நினைச்சன். ஆனா இந்த முழங்காலோடை எத்தினை நாளைக்கு?

அவவின்ரை மேசையிலை அச்சடிச்ச விமர்சனங்கள் ஒரு கட்டு. மியூனிக் அம்மா மேலை இருந்தா. கீழை ஆணிக்காரர், ஒவ்வொரு மாசமும் இனி இஞ்சைதான் தங்குவாராம். அதுக்குக் கீழை துவாய்க்காரர். நடுங்கிக்கொண்டு நிண்டவனுக்கு இஞ்சை மாதிரி ஒரு சாப்பாடு வேறை ஒரு இடத்திலையும் கிடைச்சிராது எண்டு எழுதியிருந்தார். திருமதி கெஸ்லர் என்ரை பையுக்குள்ளை எட்டிப்பாத்து, ஏப்ரனை எடுத்துத் தன்ரை லாச்சியிலை போட்டுப் பூட்டினா.

"ஒருமுறை கேளுங்கள், இரண்டாம் முறை வேண்டாம்" எண்டா. நான் தலையாட்டினன். கண்ணீர் விழுந்திடுமோ எண்டு எழும்பிக் கதவடிக்குப் போயிட்டன். அப்ப அவ பின்னாலையிருந்து, தாளைப் பாத்தபடி, சின்னப்பிள்ளை முறைப்பாடு வைக்கிற குரலிலை சொன்னா: "இன்னொரு புகார் இருக்கிறது, என்னுடையது. தீயணைப்புக்காரர் வரை எல்லோரிடமும் கேட்டீர்கள். பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை."

இப்ப எனக்கு வேலை நிரந்தரம், முழங்காலுக்கு ஒரு உயரக் கதிரை, மத்தியானம் திருமதி கெஸ்லரோடை ஒரு மேசை. என்னட்டை மட்டும் இஞ்சை ஒருத்தரும் கேட்கிறேல்லை, ஏனெண்டால் கேட்க முதலே அன்ரன் அண்ணை கோப்பையை வைச்சிட்டுப் போயிடுவார்.