கூழைக்கடாவுக்கு இரண்டு பெயர்

பத்துப் பறவைகளைப் பார்த்துப் பத்தின் பெயரையும் நோட்டில் எழுதிவிட்டால், விடுமுறை முழுக்கத் தூரக்கண்ணாடி என்னிடமே இருக்கும். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மாமா இப்படி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். பெயர் தெரியாத பறவை சேர்த்தியில்லை. காக்காய், மைனாவைத் தாண்டினால் எனக்குத் திண்டாட்டம் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். சத்தியவேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் தடாவுக்கு வந்து, ஏரிக்கரையில் ஒரு தீவுக்காரரின் படகில் ஏறினோம். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆபீசர்கள் வந்து யார் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போய் ஏரி நடுவிலும் கோடு போடப்போகிறார்களாம், அதைத் தாண்டி வலை போட்டால் பிடித்துக்கொண்டு போவார்களாம் என்று பஸ்ஸில்கூட அதே பேச்சு. நான் காதில் வாங்கவில்லை. என் கவலை பத்துப் பறவை.

மாமாவுக்குக் காக்கி டிராயர், தொப்பி, கழுத்தில் தூரக்கண்ணாடி. என் மடியில் நோட்டு. படகுக்காரர் எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பட்டாளத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கு ஒரே பெருமை.

கோடையில் தண்ணீர் இடுப்பளவுதான். கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். சற்றுத் தூரத்தில் ஒரு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் அலகின் கீழே ஒரு பை தொங்கியது.

"இதுக்கு இன்னா பேரு?" பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டேன்.

கழி நின்றது. படகுக்காரர் நோட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"எப்படிச் சொல்லணும் சார்?"

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க," என்றார் மாமா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கூழைக்கடா." மாமாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தெலுங்குல கூடபாத்துன்னும் சொல்லிக்கினு இருக்கறோம்," என்று அவசரமாகச் சேர்த்தார்.

கொக்கு வந்தது. "கொக்கு... கொங்கன்னும் எழுதிக்கோ பாப்பா." ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர் ஒரு கொக்குக்கு இப்படித் தடுமாறுகிறாரே என்று எனக்கு எரிச்சல். இருந்தும் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

தீவில் இறங்கினால் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நுங்கு சீவித் தந்தார்கள், வறுத்த இறால் தந்தார்கள். சேற்றில் மேய்ந்த சின்னப் பறவையைக் காட்டியதும் ஒரு அம்மாள் "உல்லங்கி!" என்று கத்தினாள்.

"அடியேய், அத எழுதிக்கினாங்கன்னா அப்பறம் இன்னா பண்ணுவ? உள்ளான்னு சொல்லு!" என்று புருஷன் பாய்ந்தார்.

"எங்க நைனா அப்படித்தான் சொல்லுவாரு. உனக்கு வேணும்னா நீ மாத்திக்கோ!"

மாமா இறாலை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர்களை மாறி மாறிப் பார்த்தார். நான் எழுதுவதில் மும்முரமாக இருந்தேன். ஒன்பது ஆகிவிட்டது, ஒன்று பாக்கி.

தீவின் மறுபக்கம் மணல்திட்டு. "காலைப் பாத்து வையி பாப்பா, முட்டை!" என்றார் படகுக்காரர். குனிந்து பார்த்தாலும் தெரியாத, மணல் நிறப் புள்ளி முட்டைகள். ஆலாப் பறவைகள் கிறீச்சிட்டுக்கொண்டு தலைமேல் பாய்ந்தன. ஒன்று மாமாவின் தொப்பியில் குறி தவறாமல் எச்சமிட்டது. ஆலாவை முன்பே எழுதியாயிற்றே என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் எதிர்க்கரையில் ஏதோ அசைந்தது. நூறு, இருநூறு பறவைகள் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி எழும்ப, இறக்கைகளின் உள்பக்கம் செக்கச்சிவந்து விரிந்தது.

"பூநாரை!" என்று ஒருவர், "ராஜஹம்ச!" என்று இன்னொருவர். மணலில் குதித்தேன். முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பிக் கரையில் இறக்கிவிட்டபோது படகுக்காரர் என் உயரத்துக்குக் குனிந்தார்.

"முடிவா எந்தப் பேர எழுதின பாப்பா?"

"பத்துக்கும் ரெண்டு பேரும் எழுதிட்டேன்!"

"ரெண்டுமா?" அவர் முகம் விரிந்தது. "அப்போ ரெண்டு பக்கமும் வலை போடலாம்!"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் படகைத் தள்ளிவிட்டு, எதிரே வந்த படகுகளுக்கெல்லாம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனார். நானும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். நான் ஜெயித்ததில் அந்த மனிதருக்கு என்ன சந்தோஷம் என்று, பஸ் வரும்வரை மாமாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.